முட்டை மூழ்கும் என்று எழுதியிருந்தது

முத்தியால்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் நான்கு வருடம் பிரீ கேஜி மிஸ்ஸாக இருந்தேன். மூன்றரை வயதுப் பிள்ளைகள் இருபத்தாறு பேர், நான், ஒரு ஆயாம்மா. பள்ளி வாசலில் ஒரு பெரிய பலகை. இங்கே குழந்தைகள் எல்லாவற்றையும் தங்கள் கையால் செய்து கற்கிறார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அந்தக் கைகள் என்னுடையவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை தொடங்கும். ஐஸ் குச்சியில் வீடு, பஞ்சில் ஆட்டுக்குட்டி, காகிதத் தட்டில் மீன் என்று நாலு மணிவரை தரையில் உட்கார்ந்து இருபத்தாறு செய்வேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று நாலைந்து மீனுக்குக் கண்ணைக் கொஞ்சம் தள்ளி ஒட்டுவேன். கடைசியில் ஒவ்வொன்றின் அடியிலும் பிள்ளையின் பெயரை இடது கையால் எழுதுவேன், எழுத்து கோணலாக வரட்டும் என்று. மோசடி செய்கிறவர்களுக்கு இருக்கும் கவனம் எனக்கு இருந்தது. அதில் பெருமைகூட இருந்தது.

எனக்கு முன்பிருந்த மிஸ்களும் இதைத்தான் செய்தார்கள். ஆனால் இதற்கு ஒரு மொழியைக் கொண்டுவந்தவர் எங்கள் கோஆர்டினேட்டர் மேடம். என் இரண்டாவது வருடத்தில் வந்து சேர்ந்தார். சென்னையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவர். அந்த மூன்று நாளை வைத்துக்கொண்டு மூன்று வருடம் பேசினார். குழந்தைகள் பக்கத்தில் அவர் குனிந்து நான் பார்த்தது போட்டோ எடுக்கும்போது மட்டும்தான். காலை பதினோரு மணிக்கு எங்கள் ஜன்னலில் வெளிச்சம் நன்றாக விழும். அந்த நேரத்துக்கு போனைத் தூக்கிக்கொண்டு வருவார். வரும்போது பிள்ளைகள் கையில் தூரிகை இருக்க வேண்டும். தூரிகையில் வண்ணம் இருக்கக் கூடாது, யூனிஃபார்ம் பாழாகும்.

"அவுட்புட் முக்கியம் மிஸ். பேரண்ட்ஸ் அவுட்புட்தான் பாப்பாங்க" என்பார்.

பிள்ளைகளிடம் நிஜமாகவே வண்ணத்தைக் கொடுத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கலப்பார்கள். இருபத்தாறு தாளும் சேறு மாதிரி பழுப்பாக வரும். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை வரும் என்று காட்டுவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை அப்படிக் கொடுத்துப் பார்த்தேன். பழுப்பு வந்தது. மேடம் அத்தனை தாளையும் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பாட்டிலில் பச்சைத் தண்ணீரைத் தயாராக வைத்திருந்து சார்ட்டுக்குப் பின்னாலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று அவர்கள் கற்ற அறிவியல், பச்சை என்பது சார்ட்டுக்குப் பின்னால் இருக்கும் என்பது.

பெற்றோர்களும் இதற்குக் குறைந்தவர்கள் இல்லை. ஒரு பையன் சூரியனுக்குக் கறுப்பு அடித்திருந்தான். சாயங்காலம் அவன் அப்பா தாளோடு வந்து நின்றார். பேங்க்கில் வேலை, இஸ்திரி போட்ட சட்டை.

"இன்னா மிஸ் இது? சூரியன கருப்பா அடிச்சிருக்கான். நீங்க பாக்கலியா?"

"அவனுக்குக் கருப்பு புடிக்குது சார்."

"புடிக்குதுன்னு வுட்டுட்டா எப்டி மிஸ்? பக்கத்து வூட்டுப் பாப்பா கோட்டுக்கு வெளிய ஒரு புள்ளி போவாம அடிக்குது."

மறுநாள் நான் ஒரு மஞ்சள் சூரியனை வரைந்து, இடது கையால் அவன் பெயரைப் போட்டு அனுப்பினேன். அன்று ராத்திரி பெற்றோர் குரூப்பில் அந்தச் சூரியன் வந்தது. கீழே அவர் போட்ட மூன்று இதயங்கள். முப்பது வயதுப் பெண் அடித்த மஞ்சளைப் பார்த்து மகன் முன்னேறிவிட்டான் என்று நெகிழ்ந்துபோன அந்த மனிதரை எப்போது நினைத்தாலும் எனக்கு வாய் கோணிக்கொள்கிறது.

இவையெல்லாம் நடந்த மூன்றாவது வருடத்தில்தான் என் வகுப்புக்கு ஒரு பெண் குழந்தை வந்தாள். மணிக்கூண்டுப் பக்கத்தில் சாயங்காலக் கடை போட்டு முட்டை தோசையும் பிரெட் ஆம்லெட்டும் விற்கிற ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. குண்டுக் கன்னம், கணீரென்ற குரல். மற்ற பிள்ளைகள் மிஸ் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். இவள் பொருளைப் பார்த்துச் சொல்வாள். கையில் ஒரு பூவைக் கொடுத்து "வாட் இஸ் திஸ்?" என்றால் "ஃப்ளவர்" என்று வராது. "வாடிப்போச்சி" என்று வரும். அதனால் மேடம் அவளுக்கு 'கவனம் போதாது' என்று குறித்து வைத்திருந்தார்.

பிப்ரவரியில் மேடத்துக்குக் கண்காட்சி யோசனை வந்தது. கலை, அறிவியல், கணக்கு மூன்றையும் குழந்தைகளே செய்துகாட்டுவார்கள். மார்ச் கடைசியில் பெற்றோர்கள் வந்து பார்ப்பார்கள். அடுத்த வருட அட்மிஷனுக்கு நல்லது என்று கரஸ்பாண்டென்ட் உடனே சம்மதித்தார்.

கலைக்குக் கை அச்சு மயில். பிள்ளைகள் கையை மையில் தோய்த்துத் தாளில் வைத்தால் தோகை வரும். கை அசைந்துவிடும் என்பதால் தோகையை நான் ரப்பர் கையுறையில் பஞ்சை அடைத்து அச்சாகக் குத்தினேன். கணக்குக்குப் பத்துக் கட்டம், பத்துப் பொத்தான். பிள்ளை ஒவ்வொன்றாக வைத்து எண்ண வேண்டும். ஒன்பதில் நிறுத்திவிட்டால் மானம் போய்விடும் என்று பொத்தான்களை முன்கூட்டியே ஒட்டிவிட்டோம். செய்து கற்கும் கண்காட்சியின் ஒவ்வொரு மேஜையிலும் 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டை வைத்தோம். அதை எழுதியதும் நான்தான். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் எனக்குக் கொடுத்தார்கள்.

அறிவியலுக்கு முட்டை. இரண்டு கண்ணாடி ஜாடி. சாதாரணத் தண்ணீரில் முட்டை மூழ்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். வெறும் முட்டை போட்டோவில் எடுபடாது என்று மேடம் இரண்டு முட்டைக்கும் முகம் வரைந்தார். நகப்பூச்சால் கண், இமை முடி, சிவப்பு உதட்டில் ஒரு சிரிப்பு. தண்ணீரில் அழியாது. வரைந்து முடிக்க அரை நாள் ஆனது. அதனால் ஒத்திகை முழுக்க அதே இரண்டு முட்டைதான். உடைத்துவிடாதீர்கள், இன்னொரு முறை வரைய என்னால் முடியாது என்று கட்டளை. ஒவ்வொரு நாளும் ஒத்திகை முடிந்ததும் ஈரத்தைத் துடைத்து, தகரக் கூரைக்குக் கீழே இருந்த அலமாரியில் பஞ்சுக்குள் வைப்பேன். புழுக்கத்தில் அந்த அலமாரிக் கதவைத் திறந்தாலே அனல் அடிக்கும்.

முட்டையை ஜாடியில் விட அந்தக் குழந்தையைத்தான் மேடம் தேர்ந்தெடுத்தார், குரலுக்காக. "எக் சிங்க்ஸ் இன் ப்ளெய்ன் வாட்டர். எக் ஃப்ளோட்ஸ் இன் சால்ட் வாட்டர்." அவ்வளவுதான் அவள் பாடம். முதல் வாரம் முட்டை அடியில் போய்ப் படுத்தது. அவள் ஜாடியில் மூக்கை வைத்து அதன் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே சரியாகச் சொன்னாள். மேடத்துக்கே திருப்தி.

இரண்டாவது வாரம் ஒருநாள் அவள் பாதியில் நிறுத்தினாள்.

"மிஸ், முட்டை எழுந்துக்கப் பாக்குது."

நான் மயிலுக்குக் கண் ஒட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்கப் பசை. "வாயால சொல்லு பாப்பா" என்றேன், திரும்பாமலே.

மூன்றாவது வாரம், "மிஸ், நிக்குது மிஸ்" என்றாள். இந்த முறை திரும்பிப் பார்த்தேன். முட்டை ஜாடியின் அடியில் கூர்முனையை ஊன்றிச் செங்குத்தாக நின்றிருந்தது. நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். நாள்பட்ட முட்டைக்குள் காற்று கூடும், லேசாகும், முதலில் நிமிரும், பிறகு மிதக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். மூன்றரை வயதுப் பிள்ளை பதினைந்து நாளாக ஒரு பொருளைப் பார்த்து, அது மாறுவதைக் கண்டுபிடித்து, வந்து என்னிடம் சொல்கிறாள். நான் சொன்னது, "நின்னா என்ன, கீழதானே இருக்குது. கையைக் கட்டிக்கிட்டு சொல்லு."

கடைசி ஐந்தாறு நாள் மேடை அலங்காரத்தில் போய்விட்டது. ஒத்திகை நடக்கவில்லை.

கண்காட்சி மேல்மாடி ஏசி ஹாலில் நடந்தது. சிறப்பு விருந்தினராக ஒரு பெரியவர் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் சொல்தா என்போம். குழந்தைக் கல்விக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றால், கரஸ்பாண்டென்ட்டின் மாமனார். கோட்டில் பதக்கம் குத்தியிருந்தார். எதைக் காட்டினாலும் "த்ரெ பியான், த்ரெ பியான்" என்றார், பிரெஞ்சில் ரொம்ப நன்று என்று. மயிலுக்குச் சொன்னார், பொத்தானுக்குச் சொன்னார், வழியில் இருந்த கைகழுவும் தொட்டிக்கும் சொன்னார். பின்னால் பெற்றோர் கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தது. எல்லாரும் அதைத் திரையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் மேஜைக்கு வந்தார்கள். குழந்தை உப்பில்லாத ஜாடியில் முட்டையை விட்டாள். அது உள்ளே போய், உடனே மேலே வந்து, நகப்பூச்சுச் சிரிப்பைக் காட்டியபடி ஆடிக்கொண்டு நின்றது. பக்கத்தில் சார்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது, முட்டை மூழ்கும் என்று.

குழந்தை முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் குனிந்தார். போட்டோவுக்கு இல்லாமல் அவர் குனிந்தது அதுதான் முதல் தடவை.

"சொல்லுமா. எக்..."

"எக் சிங்க்ஸ்" என்று நான் முணுமுணுத்துக் கொடுத்தேன்.

"சிங்க் ஆவல மிஸ்" என்றாள் குழந்தை. கணீரென்ற குரல், ஹால் முழுக்கக் கேட்டது. "மெதக்குது."

"கொஞ்சம் நெர்வஸ்" என்று மேடம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லிக் குடுத்தத சொல்லு."

"இது கூமுட்டை. எங்கம்மா வாளித் தண்ணில போட்டுப் பாக்கும். மெதந்தா தூரப் போட்டுடும்."

ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அடுத்து அவள் வாயைத் திறந்தபோது நான் செய்தது ஒன்றுதான். பின்னால் இருந்து கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினேன். அந்தச் சின்ன உதடுகள் என் உள்ளங்கையில் இன்னும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன.

மேடம் உப்பு கலக்குகிற கரண்டியை எடுத்து முட்டையைக் கீழே அழுத்தினார். விட்டதும் மேலே வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது, இந்தத் தடவை உருண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு. பட்டுப்புடவை கட்டிய, இரண்டு பட்டம் வாங்கிய பெண் ஒருத்தி, நாற்பது பேர் முன்னால், சார்ட்டில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஒரு முட்டையைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இப்ப சொல்லு, எக் சிங்க்ஸ்" என்றார் மேடம்.

மூன்றாவது அழுத்தலில் முட்டை உடைந்துபோனது.

ஒரு மாதத்துப் புழுக்கத்தில் இருந்த முட்டை. தண்ணீர் சாம்பல் நிறமாகக் கலங்கியது. அதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. ஏசி ஹால், ஜன்னலெல்லாம் சாத்தி. முதலில் பின்வாங்கியவர் சொல்தாதான். எந்தெந்தப் போரில் பதக்கம் வாங்கினாரோ, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரு மாமனாருக்குப் பொருந்தாத வேகத்தில் கதவை நோக்கிப் போனார். பெற்றோர்கள் தங்கள் தங்கள் பிள்ளையை மட்டும் இழுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஒரு பையன் மயில் மேலேயே வாந்தி எடுத்தான். ஆயாம்மா ஜன்னல்களைத் திறந்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார். அந்த ஹாலில் சரியாக நடந்துகொண்ட பெரியவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் விசாரணை. "எக்ஸ்பைரி பாத்து வாங்க மாட்டீங்களா மிஸ்?" என்று கரஸ்பாண்டென்ட் கேட்டார். ஒரு மாதமாக அதே முட்டை, மேடம் முகம் வரைந்ததால் மாற்ற முடியவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். "சாரி சார்" என்றேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து அந்தக் குழந்தையின் அம்மாவை மேடம் வரவழைத்தார். அவர் கடைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர், பாதியில் குழந்தையோடு வந்திருந்தார். புர்காவின் கைநுனியில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. நானும் உட்காரவைக்கப்பட்டேன்.

மேடம் மென்மையாகப் பேசினார். அந்த மென்மைக்கும் சென்னையில் பயிற்சி கொடுத்திருப்பார்கள். "உங்க பாப்பாவுக்கு லிசனிங் ப்ராப்ளம் இருக்குதும்மா. சொல்றத உள்வாங்க மாட்டேங்குறா. இன்னொரு வருஷம் பிரீ கேஜிலயே இருக்கட்டும். ஒரு டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க."

அந்த அம்மா பயந்துபோவார் என்று நினைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் அன்னிக்கு கடை வுட்டு வர முடியல மிஸ். ஒன்னே ஒன்னு சொல்லுங்க. முட்ட மெதந்துச்சா, முழுகிச்சா?"

மேடம் என்னைப் பார்த்தார். சுவரில் என் கையெழுத்தில் எழுதிய சார்ட்டுகள். நான் இந்த இடத்தில் துணிச்சலாக இருந்தேன் என்று எழுத ஆசைதான். மேஜையைப் பார்த்துக்கொண்டு, "மெதந்துச்சுக்கா" என்றேன்.

"அப்ப அவ சொன்னது சரிதானே? இன்னாத்துக்கு டாக்டரு?"

மேடம் 'ப்ராசஸ்' என்றும் 'கான்செப்ட்' என்றும் ஏதோ ஆரம்பித்தார். அந்த அம்மா காதில் வாங்கவில்லை. "புள்ள ஃபைல குடுங்க, நாங்க போறோம்" என்றார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடம் முழுக்கச் செய்ததைத் தொகுத்து ஒரு தடித்த ஃபைல் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். அவர் அங்கேயே உட்கார்ந்து பக்கம் புரட்டினார். காகித மீன். பஞ்சு ஆட்டுக்குட்டி.

"இது நீ செஞ்சதாடா?"

"இல்ல. மிஸ் செஞ்சது" என்றாள் குழந்தை. குறை சொல்லும் குரல் இல்லை. பூ வாடிப்போச்சி என்று சொல்வாளே, அந்தக் குரல்.

"இது?"

"மிஸ்."

ஒரு பக்கம்கூட விடாமல் கேட்டார். எல்லாப் பக்கத்துக்கும் அதே பதில். மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. கடைசிக்கு முந்திய பக்கத்தில் ஒரு பழுப்புத் தீற்றல், குப்பைக்குப் போகாமல் எப்படியோ தப்பியது. நான் மாற்ற மறந்திருக்க வேண்டும்.

"இது நான்" என்றாள் குழந்தை. "இங்க மஞ்சள் இருந்துச்சு, நான் முழுக வச்சிட்டேன்."

அம்மா அந்தத் தாளை மட்டும் உருவி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஃபைலை என் பக்கம் தள்ளினார். "நல்லா செஞ்சிருக்கீங்க மிஸ்" என்றார். கிண்டலா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஜூனில் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டதாக ஆயாம்மா சொன்னார்.

நான் அதற்குப் பிறகும் ஒரு வருடம் அங்கேயே இருந்தேன். வீட்டில் சொன்னபோது, "ஒரு முட்டைக்காக வேலைய வுடுவியா?" என்று கணவர் கேட்டார், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அடுத்த மார்ச்சிலும் கண்காட்சி நடந்தது. இந்த முறை மேடம் இரண்டு பிளாஸ்டிக் முட்டை வரவழைத்தார். ஒன்றில் மணலை அடைத்து ஒட்டினேன், அது மூழ்கியது. இன்னொன்று வெறும் கூடு, அது மிதந்தது. ஜாடியில் உப்புப் போட வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. பேங்க்காரரின் பையன் இப்போது எல்கேஜி. அவனைக் கடன் வாங்கி வந்து நிறுத்தினோம். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான். அவன் அப்பா கண் கலங்க வீடியோ எடுத்தார்.

அந்தக் கோடையில் கோரிமேட்டுப் பக்கம் ஒரு பெரிய பள்ளியில் ஆள் எடுத்தார்கள். மேடம் எனக்கு நல்லபடியாகவே அனுபவச் சான்றிதழ் கொடுத்தார். குழந்தைகள் தாங்களே செய்து கற்பதில் நான் காட்டிய ஈடுபாடு பாராட்டத்தக்கது என்று அதில் இருந்தது. பேருந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படித்தபோது சிரிப்பு வந்தது. கிழித்துப் போடவில்லை. கசங்காமல் கண்ணாடி உறையில் போட்டுக்கொண்டேன்.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையால் செய்து கற்பது என்றால் என்ன, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்றார் நடுவில் இருந்தவர். என் வார்த்தை என்று எதுவும் வாயில் வரவில்லை. மேடத்தின் வார்த்தைகள் வந்தன, சரளமாக, பத்து நிமிடத்துக்கு. எந்த இடத்தில் கையை விரிக்க வேண்டும், எந்த இடத்தில் புன்னகைக்க வேண்டும் என்பதுகூடத் தெரிந்திருந்தது. மூன்று பேரும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமையே வரச் சொன்னார்கள். போனேன்.